வாடகை வீட்டில் ஒரு நாய்க்குட்டி



நாய் வளர்ப்பது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே நெடுநாளாக இருந்து வருகிறது. பெரிய மாளிகை, அதன் முன்னே தோட்டம், வாயிற்காப்போன், அவன் அருகில் சடை தொங்கும் அயல்நாட்டு நாய் ஒன்று என்று திரைப்படங்கள் காட்டிய காட்சி மனத்தில் ஊன்றிவிட்டது. ஆனால், நம் நாட்டில் நாய்க்குட்டி பெரும்பாலும் எவ்வாறு வீட்டுக்குள் வருகிறது? பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை, மழையில் நனைந்த குட்டியொன்றைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவருகிறது. “இன்று ஒரு நாள் மட்டும் இருக்கட்டும் அம்மா” என்கிறது. அந்த ஒரு நாள் பன்னிரண்டு ஆண்டுகளாக நீளக்கூடும் என்பதை அப்போது எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்படிக் குட்டி வந்து சேர்ந்த வீடு தடாவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டு எல்லையான ஆரம்பாக்கத்தைக் கடந்ததும் வரும் ஆந்திர ஊர் அது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. அண்டையில் உள்ள சத்தியவேடு சித்தூர் மாவட்டத்திலிருந்து அதே நாளில் அம்மாவட்டத்திற்கு வந்தது. அதற்கும் முன்னே, 1960 ஏப்ரல் முதல் நாள் வரை, சத்தியவேடு செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஆகவே அந்தப் பக்கத்துத் தமிழருள் பிழைப்புத் தேடிப் போனவரும் உண்டு. இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு தம்மைக் கடந்து சென்றவரும் உண்டு. 2008-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீசிட்டி தொழில்நகரம் முதல் வகையினரைப் பெருக்கியிருக்கிறது. கணவன் மனைவி இருவரும் முறை வைத்து வேலைக்குப் போகிறார்கள். இருப்பது இரண்டு அறை. வீட்டுக்காரர் மேல்மாடியில். மாதச் சம்பளத்தில் வாடகை போக, ஊருக்கு அனுப்பும் பணம் போக, மிஞ்சுவது கொஞ்சம். இந்த வீட்டில் ஒரு நாய்க்குட்டியைப் பழக்கி ஆளாக்க முடியுமா?

முடியும். அதற்கு வேண்டும் பணம் நாம் அஞ்சுவதைவிடக் குறைவு. ஆனால் காலம் வேண்டும். அந்தக் காலத்தையும் நமக்கு வசதியான போது கொடுக்க இயலாது. ஏன் என்பதை விளக்க வேண்டும்.

அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 1961-இல் அறிஞர்கள் வெளியிட்டார்கள். உயர்ந்த வேலி சூழ்ந்த திடலில், மனிதரின் பழக்கமே இல்லாமல் நாய்க்குட்டிகளை வளர விட்டார்கள். அவற்றுள் சிலவற்றை இரண்டாவது வாரத்தில் எடுத்து ஒரு வாரம் கொஞ்சிப் பழகினார்கள்; வேறு சிலவற்றை ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது வாரங்களில் எடுத்தார்கள். ஐந்து முதல் ஒன்பது வாரங்களுக்குள் மனிதரை அறிந்த குட்டிகள் எளிதாக ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டிகளோ காட்டு விலங்குகளைப் போல ஒதுங்கின. பின்னர் எவ்வளவு முயன்றும் அவற்றின் அச்சம் நீங்கவில்லை. ஸ்காட், புல்லர் என்னும் இருவர் அதே ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டு உழைத்து 1965-இல் வெளியிட்ட நூலும் இதையே வலியுறுத்தியது. மூன்று வாரம் முதல் ஏறக்குறைய மூன்று மாதம் வரை நாய்க்குட்டியின் மனம் திறந்த கதவாக இருக்கிறது. அப்பொழுது கண்டதையெல்லாம் அது உலகின் இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறது. பிறகு கதவு மெல்லச் சாத்திக்கொள்கிறது.

தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் விட்டு எட்டு வாரத்துக்கு முன் ஒரு குட்டியைப் பிரித்தல் ஆகாது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றொன்றுக்கு வலிக்கும் என்பதை அது அங்கேதான் கற்கிறது. ஆக, எட்டு வாரத்தில் வந்த குட்டியிடம் நமக்குக் கிடைப்பது ஐந்தாறு வாரமே. இந்த ஐந்தாறு வாரத்தில் நாள்தோறும் அரைமணி செலவிடுகிறவர், பின்னால் பயிற்சியாளருக்குப் பணம் கொடுக்க வேண்டிய நிலை பெரும்பாலும் வராது. செலவிடாதவர் வீட்டில் ஓராண்டு சென்றபின் என்ன நடக்கிறது என்பது நாம் எல்லாரும் அறிந்த கதை. நாய் வருவோரையெல்லாம் பாய்ந்து குரைக்கிறது, வீட்டுக்காரர் முறையிடுகிறார், ஒரு நாள் யாரோ அதை வண்டியில் ஏற்றி நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டு வருகிறார்கள். பட்டினி கிடக்க நேரும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எப்போதும் கட்டியே வைத்து நடமாட விடாதிருப்பதும் அச்சட்டப்படி குற்றமே.

எந்தக் குட்டி நல்லது என்று கேட்பவர் உண்டு. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நமக்குப் பெருமை தரும் இனங்கள் இருக்கின்றன. இராசபாளையத்து நாய்க்கு 2005-இல் அஞ்சல்தலையே வெளியாயிற்று. ஆனால் அவை வேட்டைக்கும் காவலுக்கும் வந்தவை. ஓடுவதற்கு வெளி வேண்டும். இரண்டு அறைக்குள் ஒரு சிப்பிப்பாறையை அடைப்பது அதற்கும் நல்லதன்று, நாற்காலிக்கும் நல்லதன்று. அடர்ந்த மயிருள்ள குளிர்நாட்டு நாயைத் தடா வெயிலில் வளர்ப்பதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. தெருவில் பிறந்த நாட்டுக்குட்டியே நமக்கு ஏற்றது. அந்த வெயிலுக்கும் மழைக்கும் பிறந்த உடம்பு அதனுடையது.

பணம் செலவழித்தே ஆகவேண்டிய இடம் ஒன்று உண்டு. அது மருத்துவரின் வாசல். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பார்வோ முதலிய கொடிய நோய்களுக்கான முதல் ஊசி. பின்னர் மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும் வரை, மறு ஊசிகள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு மருத்துவர் குறிக்கும் நாளில் மறுபடியும். இடையே குடற்புழு மருந்து. அரசு கால்நடை மருத்துவமனைகளில் இவற்றுக்குச் செலவு குறைவு. வெறிநோய் ஊசியை இலவசமாகப் போடும் முகாம்களும் பல ஊர்களில் நடைபெறுகின்றன. தடாவிலிருந்து திருப்பதி தொலைவில் இல்லை. அங்கே 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெற்கே திரும்பினால் சென்னை வேப்பேரியில் 1903-இல் தோன்றிய கல்லூரி. ஊசி போட்ட அட்டையை ரேஷன் கார்டைப் போலப் பத்திரமாக வையுங்கள்.

மற்றச் செலவுகளைச் சுருக்கலாம். படுக்கைக்கு ஒரு சாக்கு, தண்ணீருக்கு அடி கனத்த மண்சட்டி, கடித்து விளையாட முடிச்சிட்ட பழைய துணி. தகரப்பெட்டியில் வரும் உணவு கட்டாயமன்று. ஆனால் தயிர்ச்சோறு மட்டும் தின்று குட்டி வளராது. சோற்றோடு அவித்த முட்டையோ, இறைச்சியோ, பழவேற்காட்டு ஏரியிலிருந்து வரும் மலிவான மீனோ வேண்டும்; மீனில் முள் நீக்குங்கள். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். நம் வீட்டுச் சாம்பார்ச் சாதத்தைப் போடலாகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியைக் கெடுக்கும். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சையும், பிள்ளைகள் நீட்டும் சாக்லேட்டும் அதற்கு நஞ்சு.

இனிப் பழக்கும் முறைக்கு வருவோம்.

முதலில் கழிவிடம். குட்டி எப்போது கழிக்கும் என்பதில் மறைபொருள் ஏதுமில்லை. தூங்கி எழுந்தவுடன், தின்றவுடன், விளையாடி ஓய்ந்தவுடன். இந்த மூன்று நேரத்திலும், விழித்திருக்கும் போது ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறையும், ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். காரியம் முடிந்த அந்தக் கணமே தட்டிக்கொடுத்து ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குப் பரிசு என்றே அது எண்ணும். நடுக்கூடத்தில் அசுத்தம் செய்துவிட்டதா? பேசாமல் துடையுங்கள். மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கும் பழைய வழக்கம் கொடுமை, அத்துடன் பயனற்றது. உங்களுக்குத் தெரியாமல் கழிக்க வேண்டும் என்பதை மட்டுமே அது கற்கும்; அதன்பின் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டியதுதான்.

பரிசுக்கென்று தனிச் செலவு வேண்டாம். அதன் அன்றாட உணவிலிருந்தே கால் பங்கை எடுத்து, நிலக்கடலை அளவுத் துண்டுகளாக்கி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சோறு எப்படியும் போடப்போகிறோம். அதைக் கூலியாகப் போடுகிறோம், அவ்வளவே. செயல் முடிந்து ஓரிரு நொடிக்குள் கூலி கைக்கு வரவேண்டும். ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் போதும். குட்டியின் கவனம் அதற்குமேல் நில்லாது.

எல்லைப்புறத்து வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே எழுகிறது. தந்தை “உட்கார்” என்கிறார். தாய் “உட்காருடா கண்ணா” என்கிறாள். பள்ளியில் படிக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் ஏவுகிறது. அடுத்த வீட்டு அம்மாள் “கூர்ச்சோ” என்கிறார். குட்டி நால்வர் முகத்தையும் பார்த்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதற்கு மொழி இல்லை, ஓசை உண்டு. ஒரு செயலுக்கு ஓர் ஓசை என்று வீட்டில் உள்ளோர் அனைவரும் உடன்பட்டு, அதை ஒரு தாளில் எழிதிக் கதவில் ஒட்டுவது நலம். தமிழா தெலுங்கா என்பது உங்கள் விருப்பம். என் கருத்து, “வா” என்பதோடு “ரா” என்பதையும் பின்னர்ப் பழக்க வேண்டும் என்பதே. நீங்கள் இரவு முறைக்குப் போயிருக்கையில் கயிறு அவிழ்ந்து நாய் சாலைக்கு ஓடினால், அதைக் கூப்பிடப் போகிறவர் பக்கத்து வீட்டுக்காரர் அல்லவா? “போ” என்பது பற்றிக் கவலையில்லை. இரு மொழிக்கும் அது பொது. சொல்லோடு கைச்சாடையும் சேர்த்துக் காட்டினால் இன்னும் விரைவில் கற்கும்.

திறந்த கதவைப் பற்றிச் சொன்னேனே, அதற்கான வேலை தடாவில் எளிது. ஊசிகள் முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்க வேண்டாம். தோளில் தூக்கிக்கொண்டு போங்கள். லாரிகளின் இரைச்சல், இரயிலின் ஓசை, தலைக்கவசம் அணிந்தவர், காக்கி உடுத்தவர், குடை பிடித்தவர், பர்தா அணிந்தவர், தடி ஊன்றிய முதியவர் ஆகிய ஒவ்வொன்றையும் தொலைவிலிருந்து காட்டி, அது அஞ்சாதிருக்கையில் ஒரு துண்டு கொடுங்கள். அஞ்சினால் இன்னும் சற்று விலகி நில்லுங்கள். வலிந்து அருகே கொண்டுபோகாதீர்கள். வீட்டில் குக்கரின் சீழ்க்கை ஒலியும் பாடமே. காதையும் வாயையும் நகத்தையும் நாள்தோறும் தொட்டுப் பழக்குங்கள். பின்னாளில் ஊசி போடும் மருத்துவர் உங்களை வாழ்த்துவார்.

பால்பல் முளைத்த குட்டி கையைக் கடிக்கும். அடிக்க வேண்டாம். விளையாட்டை உடனே நிறுத்தி, எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அரை நிமிடம் கழித்துத் துணி முடிச்சைக் கொடுங்கள். பிள்ளைகளுக்கும் பயிற்சி உண்டு. தின்னும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக்கூடாது என்பது முதற்பாடம். இரண்டாவது பாடம், எந்த நாய் கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது. ஐயத்திற்குரிய விலங்கிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. திட்டுக்கு அஞ்சி மறைக்கும் குழந்தைகள் பலர். கடிவாயைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் சென்று, அவர்கள் குறிக்கும் எல்லா நாளிலும் தவறாமல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஊசி முற்றுப்பெறாத சொந்தக் குட்டி கடித்தாலும் இதே முறைதான். வெறிநோய் தோன்றிவிட்டால் அதற்கு மருந்து இல்லை என்றே கொள்ள வேண்டும்.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் தனிமையையும் படிப்படியாகப் பழக்க வேண்டும். முதல் நாள் ஐந்து நிமிடம் வெளியே சென்று, ஆரவாரமின்றித் திரும்புங்கள். மறுநாள் பத்து, பிறகு அரைமணி. முதல் ஓரிரு மாதத்திலாவது கணவனும் மனைவியும் வெவ்வேறு முறையில் வேலைக்குச் செல்ல வழி உண்டா என்று பாருங்கள். இல்லையேல் நடுவே ஒருமுறை கதவைத் திறந்து வெளியே விட அண்டை வீட்டார் ஒருவரின் உதவி தேவை. அதற்கும் இரண்டு வார்த்தை தெலுங்கு பயன்படும்.

வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லி இசைவு பெறுங்கள். ஆறு மாத அளவில் மருத்துவரைக் கலந்து கருத்தடை செய்துவிடுங்கள். வேலை முடிந்து சொந்த ஊருக்கோ வேறு ஊருக்கோ குடிபெயரும் நாள் வந்தால், இரயிலில் நாயைக் கொண்டுசெல்லும் விதிகளையும் கட்டணத்தையும் பயணத்துக்குப் பல நாள் முன்பே நிலையத்தில் கேட்டறிந்து, ஊசி அட்டையுடன் மருத்துவரின் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். புது வீட்டில் முதல் வாரம் கழிவிடப் பாடத்தைக் குட்டிக்குச் சொன்னது போலவே மறுபடியும் தொடங்க வேண்டியிருக்கும். மூட்டை கட்டும்போது அதன் பழைய சாக்கைத் துவைத்துவிடாதீர்கள். அறிந்த மணம் இருந்தால் முதல் இரவு அது அழாமல் தூங்கும்.