ஆடலோடு எழுத்தும் வேண்டும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் புலவர் அல்லோம். இரயில்வேயில் பணியாற்றும் எழுத்தர். ஆயினும் ஒரு தந்தையின் கவலையை இவ்வவையில் கூற விழைகின்றோம்.

சென்ற ஆண்டு விழாவில் எம் மகள் தமிழ்ப் பாட்டொன்றிற்கு ஆடினாள். தாங்கள் கைதட்டி வாழ்த்தினீர்கள். நாமும் உள்ளம் பூரித்தோம். வீடு சென்று அவளது நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தோம். பாட்டு முழுவதும் கன்னட எழுத்தில் இருந்தது. ஓர் அடியைச் சுட்டிப் பொருள் கேட்டோம். "கையை எப்படி வைப்பது என்று தெரியும் அப்பா, பொருள் தெரியாது" என்றாள். பிழை அவளுடையதன்று, கற்பிக்காத எம்முடையது. கன்னடம் நமக்கு வாழ்வளிக்கும் மொழி. அதனை அவள் செம்மையாகக் கற்கட்டும். தாய்மொழி எழுத்தை அறியாதிருத்தல்தான் எம்மை வருத்துகின்றது.

இத்துயரம் நமக்கு மட்டும் உரியதன்று. பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளில் 'ஹூலா' என்னும் ஆடல் உண்டு. அதற்குப் பாட்டே உயிர்; பாட்டின் சொல்லைக் கை விளக்கும். 1830இல் காஹுமானு அரசியார் அதனைப் பொதுவிடங்களில் ஆடலாகாதெனத் தடுத்தார். 1883இல் கலாகவா மன்னர் தம் முடிசூட்டு விழாவில் அதனை மீண்டும் ஆடச் செய்தார். ஆனால் 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. ஆடல் பிழைத்தது, மொழியோ வீட்டுக்கு வீடு மறையலாயிற்று. மக்கள் விழித்தெழுந்தனர். 1978இல் ஹவாய் மொழி அம்மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. 1984இல் தாய்மொழியிலேயே பேசிப் பழக்கும் மழலைப் பள்ளி தோன்றியது. அதன் பெயர் 'பூனானா லேயோ'. குரல்களின் கூடு என்பது பொருள்.

நம்மிடமும் அத்தகைய கலை உண்டு. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து இச்சுரங்கங்களுக்கு வந்த நம் முன்னோரின் ஊர்க்கலை தெருக்கூத்து. அதில் வேடம் புனைந்தவரே பாடுவார், பேசுவார், ஆடுவார். சொல்லறியாதவர் அங்கே அடியெடுத்து வைக்க இயலாது. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்து வருகின்றனர்.

அன்பர்களே! 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நம்மவர் பலர் விடியுமுன் மாரிக்குப்பம் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பிறகே வீடு திரும்புகின்றனர். பிள்ளைகளுக்குக் கற்பிக்க நேரமேது என்று கேட்பீர்கள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் போதும். ஆடற்பயிற்சிக்கு முன் பாட்டைத் தமிழெழுத்தில் எழுதட்டும், வாய்விட்டுப் படிக்கட்டும், பொருள் சொல்லட்டும், அதன்பின் சலங்கை கட்டட்டும். வீட்டிலுள்ள தாத்தா பாட்டிமார் சொல்லுக்குப் பொருள் கூறி உதவட்டும்.

எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை, சங்கம் இசைந்தால், நாமே ஏற்கின்றோம், ஊதியம் வேண்டா. அடுத்த ஆண்டு இம்மேடையில் எம் மகள் தன் பாட்டைத் தன் எழுத்தில் படித்துவிட்டு ஆட வேண்டும். இதுவே எம் அவா.

வாழ்க தமிழ்!