ஒரு மீட்டரும் மூன்று அடுப்புகளும்



விழாக்காலத்தில் வீடெங்கும் விளக்கேற்றுவது தொன்றுதொட்ட வழக்கம். இன்று அவ்விளக்குகளில் பெரும்பாலானவற்றை எரிப்பது மின்சாரம். அம்மின்சாரம் எல்லா இல்லங்களுக்கும் ஒத்த விலையில் வருகிறதா என்பதே இவ்வுரையின் பொருள். வருவதில்லை. வியப்புக்குரியது யாதெனில், நகரங்களில் குறைந்த வருவாயுடைய பல குடும்பங்கள் ஒரு யூனிட்டுக்குக் கொடுக்கும் விலை, வசதியுடைய குடும்பம் கொடுப்பதைக் காட்டிலும் அதிகமாக இருக்கிறது.

மின்சாரம் கிடைத்துவிட்டது என்னும் சொற்றொடருக்கு அரசுப் பதிவேடுகள் கொண்ட பொருள் வேறு, இல்லத்தரசி கொள்ளும் பொருள் வேறு. 2004இல் வகுக்கப்பட்ட வரையறையின்படி, ஓர் ஊரின் பள்ளி, ஊராட்சி அலுவலகம் முதலிய பொது இடங்களுக்கும், நூற்றுக்குப் பத்து வீடுகளுக்கும் மின்சாரம் வந்துவிட்டால் அவ்வூர் மின்வசதி பெற்ற ஊராகும். எஞ்சிய தொண்ணூறு வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தாலும் கணக்கில் குறையில்லை! 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் என்னும் சிற்றூர் இணைக்கப்பட்டபோது, நாட்டின் எல்லா ஊர்களும் மின்வசதி பெற்றுவிட்டன என அறிவிக்கப்பட்டது இவ்வரையறையைக் கொண்டே. விடுபட்ட வீடுகளுக்கு இணைப்பு வழங்க, அதற்கு முந்தைய ஆண்டில் சௌபாக்யா என்னும் தனித் திட்டமே தொடங்கப்பட வேண்டியிருந்தது.

சமையல் எரிவாயுவின் வரலாறும் இத்தகையதே. 2016 மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கப்பெற்ற உஜ்வலா திட்டம் கோடிக்கணக்கான ஏழைப் பெண்களின் பெயரில் இணைப்பு வழங்கியது. அது பெரும்பணி, ஐயமில்லை. ஆயினும் 2019இல் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அவ்விணைப்பாளர்கள் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று உருளைகளுக்குச் சற்று மேலாகவே மறுநிரப்பல் பெற்றதைக் காட்டியது. நாள்தோறும் இருவேளை சமைக்கும் குடும்பத்துக்கு அது போதாது. உருளை ஒரு மூலையில் நிற்க, விறகடுப்பு தொடர்ந்து புகைந்தது. இணைப்பு வந்தது, எரிபொருளை வாங்கும் ஆற்றல் உடன் வரவில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் நுட்பமானது. இங்கு மின்கம்பி எட்டாத வீடு அரிது. 2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் விலையின்றி வழங்கப்படுகிறது. மாளிகைக்கும் உண்டு, குடிசைக்கும் உண்டு. குறைவாகச் செலவிடுவோருக்குக் குறைந்த வீதம், மிகுதியாகச் செலவிடுவோருக்கு உயர்ந்த வீதம் என்னும் படிநிலையும் உண்டு. ஏழைக்கு நிழல் தரவே இவ்வேற்பாடு செய்யப்பட்டது. ஆனால் சலுகை மீட்டருக்குத்தான் உரியது, குடும்பத்துக்கு அன்று. ஒரு மீட்டரின் கீழ் எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்று கணினி கேட்பதில்லை.

சென்னையின் பழைய தெருக்களில் ஒரு வீட்டை மூன்று, நான்கு பகுதிகளாகப் பிரித்து வாடகைக்கு விடுவது வழக்கம். முன்புறத்தில் ஒரு மீட்டர். உள்ளே மூன்று குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு மாதத்தில் 200 யூனிட் செலவிடுவதாகக் கொள்க. இரண்டு மின்விசிறி, நான்கு விளக்கு, ஒரு தொலைக்காட்சி, ஒரு சிறிய குளிர்பதனப் பெட்டி, அவ்வளவே. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீதத்தின்படி, 500 யூனிட்டுக்கு உட்பட்ட இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. ஆகவே தனி மீட்டர் இருந்தால் ஒரு குடும்பம் செலுத்த வேண்டியது 225 ரூபாய். மூன்று குடும்பங்களுக்கும் சேர்த்து 675 ரூபாய்.

அதே மூன்று குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் கணக்கு 600 யூனிட் ஆகிறது. 500ஐத் தாண்டிய இணைப்புக்கு அந்த 2 ரூபாய் 25 காசு வீதம் கிடையாது. முதல் 100 போக, 400 வரை 4 ரூபாய் 50 காசு. 500 வரை 6 ரூபாய். 600 வரை 8 ரூபாய். கூட்டினால் 2,750 ரூபாய்! நான்கு மடங்குக்கும் மேல். மூவரும் சிக்கனமாக வாழ்ந்தும், ஆடம்பர வீட்டுக்கு உரிய வீதம் அவர்கள் தலையில் விழுகிறது. பின்னர் வீதங்கள் சற்று உயர்ந்தன, இவ்வமைப்பு மாறவில்லை.

இத்துடன் முடிவதில்லை. உள்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என ஒரே வீதமாக வாங்கும் வழக்கம் பல வீடுகளில் நிலவுகிறது. 8 ரூபாய் என்றாலும் 200 யூனிட்டுக்கு 1,600 ரூபாய். தனி மீட்டர் உடையவர் 225 ரூபாயில் பெறும் வெளிச்சத்தையும் காற்றையும், தகரக்கூரைக்குக் கீழே வாழ்பவர் 1,600 ரூபாய் கொடுத்துப் பெறுகிறார். சித்திரை, வைகாசி வெப்பத்தில் மின்விசிறியை நள்ளிரவில் நிறுத்திவிட்டு, குழந்தைக்கு விசிறிமட்டையால் வீசும் தாயின் கை எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

வீட்டுக்காரர் அனைவரையும் குறைகூறுவது நேர்மையன்று. ஓய்வூதியமும் வாடகையுமே பிழைப்பாக உடைய முதியோர் அவர்களில் பலர். தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றின் செலவும் அவர்களுடையது. கட்டணம் 2,750 என வரும்போது அஞ்சி, இழப்பு வந்துவிடக் கூடாதென்று வீதத்தை உயர்த்தியவரும் உண்டு. மற்றொரு தயக்கமும் கேட்கக் கிடைக்கிறது: குடியிருப்பவர் பெயரில் இணைப்பு இருந்தால் அவர் வீட்டுக்கே உரிமை கோரிவிடுவார் என்பது. மின்கட்டண அட்டை சொத்துரிமைப் பத்திரம் ஆகாது. மேலும், தனி இணைப்பு வீட்டுக்காரரின் பெயரிலேயே இருக்கலாம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மீட்டர் என்பதே தேவை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, இடத்தின் உரிமையாளர் மட்டுமன்றி அதில் குடியிருப்பவரும் மின்சாரம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றும், பொதுவாக ஒரு மாதத்துக்குள் வழங்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. நடைமுறையில், வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டு விண்ணப்பிப்பது அரிது. ஆகவே முதல் அடியை எடுத்து வைக்கக் கூடியவர் வீட்டுக்காரரே. கம்பியமைப்பைப் பிரிப்பதற்கும் இணைப்புக்கும் ஒருமுறை செலவு உண்டு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மிஞ்சுவது 2,075 ரூபாய். அச்செலவை மூன்று குடும்பங்களும் வீட்டுக்காரரும் பங்கிட்டுக்கொள்ள அதுவே வழி தரும்.

தனி மீட்டர் வரும்வரை செய்யத்தக்கது ஒன்றுண்டு. வந்த கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்தால் உண்மை வீதம் கிடைக்கும். 2,750ஐ 600ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 4 ரூபாய் 58 காசு. அவ்வீதத்தில் 200 யூனிட் செலவிட்ட குடும்பம் தர வேண்டியது 917 ரூபாய், 1,600 அன்று. கட்டணச் சீட்டின் படியையும் உள்மீட்டர் அளவையும் படிக்கட்டின் அருகே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைத்தால், வாடகை கொடுக்கும் நாளில் இரு தரப்பும் வாதாட வேண்டியிராது.