குட்டைத் துப்பாக்கியும் கொஞ்சம் கணக்கும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வேலையைப் பத்திப் பேசாதே, பொழுதுபோக்கைப் பத்திப் பேசு" என்று சங்கச் செயலாளர் கட்டளையிட்டார். இங்கே மெக்கானிக்கல் படித்த நான் இப்போது இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமையானால் ஏர் ரைஃபிள் கிளப்புக்குப் போவேன். துப்பாக்கியா என்று மிரள வேண்டாம். உங்களில் பலர் ஓட்டிய பி.எஸ்.ஏ. சைக்கிளின் பெயருக்குள்ளேயே அது இருக்கிறது. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற அந்தக் கம்பெனி 1861-இல் துப்பாக்கி செய்யப் பிறந்தது. சைக்கிள் எல்லாம் பிற்பாடுதான்.

இன்று நான் பேச வந்தது 'புல்பப்' என்ற குட்டை ரகம் பற்றி. சாதாரண ஏர் ரைஃபிளில் விசைக்குப் பின்னால் இருக்கும் கட்டை தோளில் முட்டுக்கொடுக்க மட்டும்தான். புல்பப்பில் அந்த இடத்தை வீணாக்குவதில்லை. பெல்லட் போடும் இடம், சுத்தியல், வால்வு எல்லாவற்றையும் விசைக்குப் பின்னால், கன்னத்துக்குக் கீழே தள்ளிவிடுகிறார்கள். குழலின் நீளம் குறையாமலே, மொத்த நீளம் ஒரு மீட்டரிலிருந்து சுமார் 70 செ.மீ.க்கு இறங்கிவிடும்.

"குழலையே பாதியாக வெட்டினால் என்ன சார்?" என்று ஒரு தம்பி கேட்கலாம். கணக்குப் போடுவோம். 4.5 மி.மீ. துளையின் பரப்பு சுமார் 16 சதுர மி.மீ. பெல்லட்டுக்கு 16 ஜூல் ஆற்றல் வேண்டும். 40 செ.மீ. குழலில், உராய்வை விட்டுவிட்டால், சராசரியாக 25 பார் அழுத்தம் போதும். 20 செ.மீ. என்றால் 50 பார் வேண்டும். காற்றும் கூடுதலாகச் செலவாகும், சத்தமும் கூடும். அதனால்தான் குழலை விட்டுவிட்டுக் கட்டையில் கை வைத்தார்கள்.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. குறைத்த 30 செ.மீ.க்கும் வேறெங்கோ விலை கொடுக்கிறோம். அது எங்கே என்று தெரிந்து வாங்குவதுதான் நான் சொல்ல வந்த ஒரே விஷயம்.

முதல் விலை, விசை. விரல் முன்னால் இருக்கிறது, சுத்தியல் பின்னால். நடுவில் ஒரு நீளக் கம்பி. அது கொஞ்சம் வளைந்தாலும் விசை 'சொதசொத' என்றிருக்கும். நல்ல தயாரிப்பில் இது தெரியாது; மட்டமானதில் முதல் இழுப்பிலேயே தெரிந்துவிடும். கடையிலேயே, காலித் துப்பாக்கி என்று உறுதி செய்துகொண்டு, கடைக்காரரைக் கேட்டு இழுத்துப் பாருங்கள். இடதுகைக்காரர்கள் லீவர் எந்தப் பக்கம் என்றும் பார்க்க வேண்டும். கன்னத்தை ஒட்டியிருக்கும் லீவர் பெரிய தொந்தரவு.

இரண்டாவது விலை, ஸ்கோப்பின் உயரம். கட்டை தாழ்ந்து வளையாமல் குழலுக்கு நேராகவே போவதால், கண் மேலே நிற்கிறது. ஸ்கோப்பையும் தூக்கி மாட்ட வேண்டியிருக்கிறது. சாதாரணமாகக் குழலுக்கு 4 செ.மீ. மேலே இருப்பது இங்கே 6 செ.மீ. ஆகலாம். "ரெண்டு செ.மீ.தானே" என்பீர்கள். 30 மீட்டரில் குறி சரியாக விழும்படி இரண்டையும் அமைத்துவிட்டு, 10 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். என் கணக்கில் முதலாவது அரை செ.மீ. தாழ்ந்து அடிக்கும். இரண்டாவது ஏறக்குறைய 2 செ.மீ. தாழ்ந்து அடிக்கும்.

இதில்தான் வேடிக்கை. இந்தக் குட்டைத் துப்பாக்கியை அங்கே விவசாயிகள் வாங்குவதே தானியக் கொட்டகையில் எலி அடிக்கத்தான். சந்து பொந்தில் திருப்ப வசதி. ஆனால் கொட்டகை என்றால் பத்துப் பன்னிரண்டு மீட்டர். எந்த இடத்துக்காக வாங்குகிறோமோ அந்த இடத்தில்தான் பிழை அதிகம்! எலியின் தலை ஒரு ரூபாய் நாணயம் அளவு. 2 செ.மீ. தவறினால் அது சாகாது. காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து துடிக்கும். எலிதானே என்று விட முடியாது. கொல்வதானால் ஒரே அடியில் கொல்ல வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

ஆகவே என்னென்ன மாட்டலாம்? பத்து மீட்டருக்கே தெளிவாகத் தெரியும்படி பாராலாக்ஸ் திருத்தும் வசதியுள்ள, நீளம் குறைந்த ஸ்கோப். 25 மடங்கு பெருக்கம் எல்லாம் சும்மா பந்தா. 3 முதல் 9 மடங்கு போதும். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்துப் பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். ஸ்கோப்பில் படம் முழுதாகத் தெரிந்தால் உயரம் சரி. அடுத்து ஒரு சின்ன ரசமட்டம். 30 மீட்டரில் பெல்லட் சுமார் 9 செ.மீ. கீழிறங்குகிறது. கை 5 டிகிரி சாய்ந்தால் குறி முக்கால் செ.மீ. பக்கவாட்டில் போகும். பிறகு, 10, 15, 20, 25 மீட்டரில் அட்டையில் சுட்டு, எங்கே விழுகிறது என்று எழுதி ஒட்டிய ஒரு காகிதம். இதற்குச் செலவே கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேகம் அளக்கும் குரோனோகிராஃப். இங்கிலாந்தில் ஏர் ரைஃபிளின் ஆற்றல் 12 அடி-பவுண்டைத் தாண்டினால், அதாவது சுமார் 16 ஜூலைத் தாண்டினால், சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 0.55 கிராம் பெல்லட் விநாடிக்கு 240 மீட்டரில் போனால் 15.8 ஜூல், விளிம்பில் நிற்கிறோம்! சிலிண்டர் காற்றில் இயங்கும் ரைஃபிளில் கனமான பெல்லட் போட்டால் ஆற்றல் பொதுவாக ஏறும். பெல்லட்டை மாற்றினால் மறுபடி அளந்தே ஆக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கன்னத்துக்குப் பக்கத்திலேயே 200 பார் காற்று இருக்கிறது. காற்றுப் பாதையில் ஒரு சொட்டுக்கூட சாதாரண எண்ணெய் விடாதீர்கள். அழுத்தத்தில் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும் என்பது டீசல் எஞ்சின் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான்.

தம்பிகளுக்கு ஒன்று. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலைத் தாண்டினாலோ, துளை 4.5 மி.மீ.க்கு மேற்பட்டாலோ லைசென்ஸ் வேண்டும். மரத்தில் உட்கார்ந்திருக்கும் கிளியைக் குறிபார்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அட்டையில் சுடுங்கள். 2008-இல் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது 10 மீட்டரில், அரை மி.மீ. புள்ளியைக் குறிபார்த்துத்தான். அதற்குப் புல்பப் தேவையில்லை. சாதாரண நீள ரைஃபிளும் பொறுமையும் போதும்.

ஆக, இடம் குறுகல் என்றால் புல்பப் வாங்குங்கள். பார்க்க சினிமாத் துப்பாக்கி மாதிரி இருக்கிறதே என்று வாங்காதீர்கள். மெஷினோ, பாலமோ, நாளை நீங்கள் எதைச் சின்னதாக்கினாலும், மிச்சப்படுத்தியது எவ்வளவு என்று கேட்கும்போதே, அதற்கு விலை எங்கே கொடுத்தோம் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது இந்தக் கல்லூரிதான்.