எலியும் வாத்தும்



இலக்கியத் தொடரொன்றில் எலியையும் வாத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலர் முகஞ்சுளிக்கலாம். பாத்திரப் படைப்பு என்பது காவியத்துக்கும் நாவலுக்கும் மட்டுமே உரியதென்று நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தவன்தான். கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் என் மகன் வால்ட் டிஸ்னியின் பழைய கார்ட்டூன் குறும்படங்களைக் கணினியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் நாலாவது படத்தில் பேனாவை மூடிவிட்டேன். மிக்கி மவுஸ் என்ற எலி, டொனால்ட் டக் என்ற வாத்து இவை இரண்டிலும் மனத்துக்கு அணுக்கமானது எது, ஏன் என்ற வினா அன்று எழுந்தது.

1928 நவம்பர் 18ஆம் திகதி நியூயோர்க்கில் திரையிடப்பட்ட 'ஸ்டீம்போட் வில்லி' என்ற படத்தின் மூலமே மிக்கி உலகறிந்தது. டிஸ்னியும் அவருடைய தோழர் அப் ஐவேர்க்ஸும் அதனை உருவாக்கினர். இன்று பைகளிலும் பென்சில் பெட்டிகளிலும் சிரிக்கும் சாதுவான எலியை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்ப்பவர் திடுக்கிட்டுப் போவர். அது ஒரு நீராவிப் படகின் எடுபிடி. ஆடொன்று இசைத்தாளைத் தின்றுவிட, அதன் வாலைச் சுழற்றினால் வாயிலிருந்து ஓர் அமெரிக்க நாட்டார் மெட்டு வருகிறது. வைக்கோலில் வான்கோழி என்று பொருள்படும் தலைப்புடைய துள்ளல் மெட்டு அது. அதற்குப் பக்கவாத்தியமாக மிக்கி பூனையின் வாலை இழுக்கிறது; பசுவின் பற்களைத் தட்டுகிறது; வாத்தினத்துப் பறவையொன்றை அமுக்கிக் கத்த வைக்கிறது. ஈவிரக்கமற்ற, தாளம் தவறாத குறும்பு. கடைசியில் தண்டனையாக உருளைக்கிழங்கு சீவும்போதும், ஏளனம் செய்த கிளியை நோக்கிக் கிழங்கை எறியத் தவறவில்லை.

இந்தக் குறும்பு நீடிக்கவில்லை. புகழ் வந்தது. புகழோடு பொறுப்பும் வந்தது. மிக்கி தவறு செய்தால் பெற்றோரிடமிருந்து முறைப்பாட்டுக் கடிதங்கள் வந்தன என்பர். ஊரெல்லாம் பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டும் ஒருவர் பூனையின் வாலை இழுக்கலாமோ? மெல்ல மெல்ல அது நல்ல பிள்ளையாயிற்று. உருவமும் மாறியது. தலை பருத்தது, கண்கள் பெரிதாயின. ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற உயிரியலறிஞர் 1979இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனை அளந்தே காட்டினார். ஆண்டுகள் ஏற ஏற மிக்கியின் தோற்றம் குழந்தையை நோக்கித் திரும்பிச் சென்றது என்பது அவர் கண்ட முடிவு. குழந்தை முகத்தைக் கண்டால் மனிதமனம் இளகும் அல்லவா?

ஆனால், இளகச் செய்வது வேறு, கதையை நடத்துவது வேறு. குற்றமே செய்யாத ஒருவரை வைத்துக்கொண்டு எத்தனை கதை சொல்ல முடியும்?

1934இல் வாத்து வந்தது. 'த வைஸ் லிட்டில் ஹென்' என்ற அந்தப் படத்தில் கோழியொன்று சோளம் நட உதவி கேட்கிறது. உடனே டொனால்டுக்கு வயிற்றுவலி. மாலுமிச் சட்டை, தொப்பி, இவற்றோடு ஒரு பொய். இதுவே அவனது அறிமுகம்.

நேயர்கள் கவனித்திருப்பீர்கள். மிக்கியை 'அது' என்றே சொல்லி வந்த நான் டொனால்டை 'அவன்' என்றுவிட்டேன். வகுப்பில் ஒரு மாணவன் இப்படி எழுதினால் திணைவழு என்று சிவப்பு மையால் கோடிடுவேன். எனினும் உவப்பின் காரணமாகத் திணை மயங்கினால் அது அமைதியென்று ஏற்க நன்னூலார் இடம் தந்திருக்கிறார். அந்தச் சலுகையை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

அதே ஆண்டில் வந்த 'ஓர்பன்ஸ் பெனிபிட்' என்ற படம்தான் என் பேனாவை மூட வைத்தது. அநாதைச் சிறுவர்களுக்காக ஒரு கலைநிகழ்ச்சி. சிறுவர்கள் எல்லாம் எலிக்குஞ்சுகள். அறிவிப்பாளர் மிக்கி. டொனால்ட் மேடையேறிக் குழந்தைப் பாடலொன்றை ஒப்புவிக்கிறான். கிளரன்ஸ் நாஷ் என்ற கலைஞர் கொடுத்த அந்தக் கரகரத்த குரலில் பாதிச் சொற்கள் விளங்குவதில்லை. சபையில் ஒரு குஞ்சு பெரிதாக மூக்குச் சிந்துகிறது. சிரிப்பு. அவன் மீண்டும் தொடங்குகிறான். மீண்டும் குழப்பம். பொறுக்கமாட்டாமல் முட்டியை மடக்கிச் சண்டைக்கு அழைத்து அந்தரத்தில் குதிக்கிறான். பாட்டை விட்டுவிட்டுப் போய்விடவில்லை என்பதே முக்கியம். திரும்பவும் வந்து அந்த அடியிலிருந்தே தொடங்குகிறான்.

வெகுளி வேறு, நகை வேறு என்று மெய்ப்பாட்டியல் படித்த நமக்குத் தெரியும். ஒருவனுடைய வெகுளி இன்னொருவருக்கு நகையாவது எங்ஙனம்? அவன் கோபத்தின் காரணம் பெரும்பாலும் நியாயமானது. அதைச் சொல்லும் மொழிதான் பிறருக்கு விளங்குவதில்லை. நியாயம் இருந்தும் நாக்குப் புரளாதவனைப் பார்த்து உலகம் சிரிக்கிறது. என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்னர் தமிழ்த்தினப் போட்டிக்காக மாணவரைப் பயிற்றிக்கொண்டிருந்தேன். பாவோதலுக்கு ஒரு பையன் தானாகவே முன்வந்தான். குரல் உடையும் பருவம். ஓரடி கீழே, ஓரடி மேலே. சகமாணவர் சிரித்தார்கள். அவன் நிறுத்தி மறுபடி தொடங்கினான். மூன்றாம் முறை புத்தகத்தை நிலத்தில் வீசி ஏதோ கத்தினான். என்னவென்று எவருக்கும் விளங்கவில்லை. நான் சிரித்தவர்களை ஒன்றும் சொல்லவில்லை. ஒழுக்கக் குறைவு என்று அவன் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டினேன். அடுத்த ஆண்டு போட்டிக்குப் பெயர் கேட்டபோது அவன் கை உயரவில்லை. அவனுக்கு அந்தச் செய்யுள் முழுவதும் மனப்பாடம் என்பது எனக்கு அன்றே தெரியும்.

வாத்தின் புகழ் எலியின் புகழை நெருங்கி, 1940களில் படங்களின் தொகையில் அதனை விஞ்சியது. ஹிட்லரின் ஆட்சியை எள்ளிய 'டெர் பியூரர்ஸ் பேஸ்' படத்துக்காக ஒஸ்கார் விருதும் கிடைத்தது. சரிந்த செல்வாக்கை நிமிர்த்தவென்று மிக்கிக்கு கோதேயின் கவிதையொன்றைத் தழுவிய மந்திரவாதியின் சீடன் வேடம் அளிக்கப்பட்டது. 1940இல் 'பான்டேசியா' படத்தில் அது இடம்பெற்றது. அங்கே மிக்கி ஆணையை மீறுகிறது, வீட்டை வெள்ளத்தில் மூழ்கடிக்கிறது, பயந்து நடுங்குகிறது. பிழை செய்ததனால் மீண்டும் உயிர்பெற்றது என்றே கூறுவேன்.

ஜேர்மனியில் நடந்ததையும் சொல்லவேண்டும். அங்கே 1951இல் தொடங்கிய சித்திரக்கதை இதழுக்கு மிக்கியின் பெயரே சூட்டப்பட்டது. எனினும் வாசகர் நெஞ்சில் நின்றது வாத்துக் குடும்பம். கார்ல் பார்க்ஸ் என்பவர் தம் பெயர் அச்சாகாமலே பல்லாண்டுகள் வரைந்த கதைகள் அவை. அவற்றை ஜேர்மனில் தந்தவர் கலாநிதி எரிக்கா புக்ஸ் என்ற அம்மையார். வாத்தின் வாயில் ஷில்லரையும் கோதேயையும் எதிரொலிக்கச் செய்தார். பெருமூச்சு, முனகல் முதலியவற்றைக் குறிக்க, வினைச்சொல்லின் விகுதியைக் களைந்து பகுதியை மட்டும் நிறுத்தினார். அவ்வழக்கு பரவி, அவர் பெயராலேயே 'எரிக்காட்டிவ்' என்று வேடிக்கையாக அழைக்கப்படலாயிற்று. ஒரு வாத்தின் முனகலால் இலக்கணத்தில் இடம்பிடித்தவரை எண்ணும்போது இலக்கண ஆசிரியனாகிய எனக்குச் சற்றே பொறாமைதான்.

இறுதியாக ஒரு படம். 1935இல் வண்ணத்தில் வந்த 'த பாண்ட் கொன்சேர்ட்'. மிக்கி இப்போது இசைக்குழுவின் தலைவர். தோளுக்கும் கைக்கும் பெரிதான சிவப்புக் கோட்டுக்குள் நின்று ரொசினியின் 'வில்லியம் ரெல்' இசையை நடத்துகிறது. தின்பண்டம் விற்க வந்த டொனால்ட் சின்னக் குழலொன்றை எடுத்து ஊதுகிறான். ஏழு ஆண்டுகளுக்கு முன் மிக்கி படகில் கூத்தடித்த அதே வைக்கோல் வான்கோழி மெட்டு! இசைக்குழு தன்னையறியாமல் அந்த மெட்டுக்குத் தாவிவிடுகிறது. கோட்டணிந்த மிக்கி சினந்து குழலை முறிக்கிறது. தனது பழைய பாட்டு அதுவென்று அதற்கு நினைவிருந்ததோ என்னவோ. அவன் சட்டைக் கைக்குள்ளிருந்து இன்னொரு குழலை எடுக்கிறான். அதையும் முறிக்க, இன்னொன்று. சூறாவளி வந்து மேடையையும் மக்களையும் வாரிச் சுழற்றுகிறது, வாசிப்பு நிற்கவில்லை. எல்லாம் ஓய்ந்தபோது வாத்தியக்காரர் மரக்கிளைகளில் தொங்குகிறார்கள். சபையில் எஞ்சியிருந்து கைதட்டுவது டொனால்ட் ஒருவன்தான். தட்டி முடித்ததும் மறுபடியும் குழலை எடுத்து வாயில் வைக்கிறான்.