வராத கடிதத்துக்கு யார் பொறுப்பு?



போன முறை வருமான வரிப் படிவம் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு, "அண்ணை, ஒரு மாதத்துக்காவது கணக்கை விட்டுப்போட்டு வேறு ஏதாவது கதையுங்கோ" என்று ஒரு சகோதரி தொலைபேசியில் சொன்னார். அவருடைய சொல்லைத் தட்டாமல் இன்றைக்குச் சுகாதாரம் பற்றிப் பேசப் போகிறேன். ஆனால் பேசுபவன் கணக்காளன். ஆகவே கதை சுற்றிச் சுற்றிக் கணக்கிலே வந்துதான் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று. பல வருடங்களுக்கு முன்னர் என் மாமியார் வேறொரு நகரத்திலிருந்து எங்களுடன் வந்து இருக்கத் தொடங்கினார். தைரொயிட் வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர். வருவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் அங்கே ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்திருந்தார்கள். மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும் என்று விசேட வைத்தியர் எழுதிய கடிதம் அவருடைய பழைய டொக்டருக்குப் போயிருக்கிறது. ஆள் அங்கே இல்லை. கடிதம் எங்கெங்கோ சுற்றி, எட்டு மாதம் கழித்து எங்கள் டொக்டரிடம் வந்து சேர்ந்தது. அந்த எட்டு மாதமும் மாமி, "களைப்பாய் இருக்குது பிள்ளை, வயசு போட்டுதுதானே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் வயதுதான் என்று நம்பினோம். கடிதம் வரவில்லை என்றால் வருத்தமும் இல்லை என்பதுதான் எங்களுடைய எண்ணம்.

யாரிடம் கேட்பது? ஆஸ்பத்திரியில் "நாங்கள் அனுப்பிவிட்டோம்" என்றார்கள். டொக்டரிடத்தில் "எங்களுக்கு வரவில்லை" என்றார்கள். இருவர் சொன்னதும் உண்மைதான். இரண்டுக்கும் நடுவில் யாரோ இருந்திருக்கிறார்கள். அந்த நடுவில் இருப்பவர் யார் என்பதுதான் இன்றைய பேச்சு.

தேசிய சுகாதார சேவை 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் திகதி தொடங்கியது. அன்று தொட்டே இதில் தனியார் இல்லாமல் இல்லை. நம்முடைய குடும்ப வைத்தியர்களில் பெரும்பாலோர் அரசாங்கச் சம்பளக்காரர் அல்லர். ஒப்பந்தம் செய்து வேலை செய்கிறவர்கள். மருந்துக்கடைக்காரரும் அப்படியே. ஆகவே தனியார் என்ற சொல்லைக் கேட்டவுடன் கோபப்பட வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி, அரசாங்கம் ஒருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு அந்த வேலை நடக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறது என்பதே.

இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். இரண்டும் கடிதம் பற்றியவை. இரண்டையும் இந்த நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் விசாரித்து அறிக்கை எழுதியிருக்கிறது. நம் நாட்டில் கணக்காய்வாளர் நாயகம் என்போமே, அதுபோன்ற பதவியில் உள்ளவர்தான் அதன் தலைவர். அவர் மந்திரிக்குக் கட்டுப்பட்டவர் அல்லர், பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பவர்.

முதலாவது, என்.எச்.எஸ். ஷெயார்ட் பிஸ்னஸ் சேர்விசஸ் என்ற நிறுவனம். 2005இல் உருவான இந்த நிறுவனத்தின் ஒரு பாதி சுகாதார அமைச்சுக்குச் சொந்தம், மற்றப் பாதி இன்று சொப்ரா ஸ்ரேரியா என்று அழைக்கப்படும் தனியார் கொம்பனிக்குச் சொந்தம். நோயாளி டொக்டரை மாற்றினால், பழைய டொக்டருக்கு வந்து சேரும் கடிதங்களைச் சரியான இடத்துக்குத் திருப்பி அனுப்புவது அதன் வேலைகளில் ஒன்று. கிழக்கு மிட்லாண்ட்ஸ், தென்மேற்கு இங்கிலாந்து, வடகிழக்கு லண்டன் ஆகிய பகுதிகளில் இந்த வேலை அதனிடம் இருந்தது. வடகிழக்கு லண்டன் என்றால் ஈஸ்ற்ஹாம், இல்ஃபோர்ட் என்று நம்மவர்கள் நிறைந்த இடங்கள்.

2011 முதல் 2016 வரை அந்தக் கடிதங்கள் குவிந்துகொண்டே போயின. 2017 ஜூனில் வந்த கணக்காய்வு அறிக்கையின்படி ஏறக்குறைய 709,000 கடிதங்களும் பத்திரங்களும் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. அவற்றுள் பரிசோதனை முடிவுகள் இருந்தன. சிகிச்சை பற்றிய குறிப்புகள் இருந்தன. பிள்ளைகளின் பாதுகாப்புச் சம்பந்தமான பத்திரங்களும் இருந்தன. 2017 மே மாத முடிவில் 1,788 பேருடைய விடயத்தில் பாதிப்பு ஏற்பட்டிருக்கலாம் என்று வைத்திருந்தார்கள். பாதிப்பு நடந்ததாக அப்போது எதுவும் உறுதியாகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்காளனாக என்னை உறுத்திய இடம் வேறு. கடிதங்கள் தேங்கிக் கிடப்பதால் நோயாளருக்கு ஆபத்து உண்டு என்பது அந்த நிறுவனத்துக்கு 2014 ஜனவரியிலேயே தெரிந்திருக்கிறது. அரசாங்கத்துக்குச் சொன்னது 2016 மார்ச்சில். சுகாதார மந்திரி பாராளுமன்றத்துக்கு ஒரு எழுத்து மூல அறிக்கை வைத்தது 2016 ஜூலையில், சபை கோடை விடுமுறைக்குக் கலைகின்ற நாளில். பொதுமக்கள் முழு விபரம் அறிந்தது 2017இல் பத்திரிகையில் வந்த பிறகு. சுகாதார சேவைக்குப் பொறுப்பானவரும் மந்திரி, அந்த நிறுவனத்தின் பாதிப் பங்கு இருப்பதும் அவருடைய அமைச்சிடம். இரண்டு பொறுப்பும் ஒன்றோடொன்று மோதக்கூடியவை என்பதைக் கணக்காய்வு அறிக்கையும் குறிப்பிட்டது. கடையின் கணக்கைப் பார்க்க வருகிறவரே கடையில் பங்காளியாகவும் இருந்தால் பற்றாக்குறையை உரத்துச் சொல்ல அவருக்கு மனம் வருமா?

இரண்டாவது, கபிற்றா என்ற பெரிய கொம்பனி. 2015 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் ஏழு வருடத்துக்கு, 330 மில்லியன் பவுண் பெறுமதியான ஒப்பந்தம். டொக்டர்மார், பல் வைத்தியர்கள், கண் பரிசோதகர்கள், மருந்துக்கடைகள் ஆகியோருக்குப் பின்னால் இருந்து நடக்கும் நிர்வாக வேலை முழுவதும் அவர்களிடம் போனது. நோயாளரின் மருத்துவப் பதிவேடுகளை ஒரு டொக்டரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றுவதும், பெண்களுக்கு ஸ்மியர் ரெஸ்ட் அழைப்புக் கடிதம் அனுப்புவதும் இதில் அடங்கும். அரசாங்கத் தரப்பின் நோக்கம் செலவை 35 சதவீதம் குறைப்பது.

உள்ளூர் அலுவலகங்கள் பல மூடப்பட்டன. எந்தப் பதிவேடு எங்கே போகும், எந்தக் கடிதம் எப்போது போக வேண்டும் என்று பல வருட அனுபவத்தால் அறிந்திருந்தவர்கள் போனார்கள். அந்தந்த அலுவலகம் அந்தந்த விதமாக வேலை செய்து வந்தது என்பதை வேலையைக் கொடுத்தவர்களும் சரியாக அறிந்திருக்கவில்லை, எடுத்தவர்களும் அறிந்திருக்கவில்லை. 2018 மே மாதக் கணக்காய்வு அறிக்கை இதை வெளிப்படையாகவே எழுதியது. 87 பெண்களுக்கு, இனி உங்களுக்கு ஸ்மியர் ரெஸ்ட் இல்லை என்று பிழையாக அறிவித்திருக்கிறார்கள். அதே வருடம் நவம்பரில் இன்னொரு செய்தி வந்தது. 2018இன் முதல் ஆறு மாதத்தில் 40,000க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் போக வேண்டிய கடிதங்கள் போகவில்லை. பெரும்பாலானவை அழைப்பும் ஞாபகமூட்டலும். சில ஆயிரம் கடிதங்கள் பரிசோதனை முடிவுகள். 2019 மார்ச்சில், இந்த ஸ்மியர் ரெஸ்ட் வேலையைக் கபிற்றாவிடமிருந்து திரும்ப எடுப்பதாக அறிவித்தார்கள்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அரசாங்கத் தரப்பு எதிர்பார்த்த சேமிப்பு கிடைத்தது. நட்டம் கொம்பனியின் தலையில். கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் நல்ல வியாபாரம். ஆனால் கடிதம் கிடைக்காத பெண்ணின் நட்டத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? அதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு பத்தியும் இல்லை. ஒப்பந்தத்தின்படி சில மில்லியன் பவுண்களை வெட்டிக்கொண்டார்கள். அந்த வெட்டு அவருடைய வீட்டுக்கு வரவில்லை.

எங்கள் ஊரில் சங்கக்கடை இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வருடத்தில் ஒரு முறை கூட்டுறவுப் பரிசோதகர் வருவார். சின்ன வயதில் நான் பார்த்த ஒருவர் மேசையில் இருந்து தேநீர் குடித்து, மனேஜர் கொடுத்த இருப்புப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அவருக்குப் பின் வந்தவர் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு களஞ்சியத்துக்குள் போய் அரிசி மூட்டையை ஒவ்வொன்றாக எண்ணுவார். இருவரும் ஒரே படிவத்தைத்தான் நிரப்பினார்கள். மேற்பார்வை என்ற சொல்லின் அர்த்தத்தை நான் படித்தது பல்கலைக்கழக வர்த்தக பீடத்தில் அல்ல, அந்தக் களஞ்சிய வாசலில்.

இந்த இரண்டு சம்பவத்திலும் நடந்தது முதலாவது பரிசோதகரின் வேலை. கொடுப்பதற்கு முன் வேலை எந்தத் தரத்தில் நடந்தது என்று அளந்து வைக்கவில்லை. கொடுத்த பிறகு எடுத்தவர் கொடுத்த விபரத்தையே பெரிதும் நம்பினார்கள். ஒரு மாதத்தில் எத்தனை கடிதம் அனுப்பினீர்கள் என்று கேட்டால் அதற்கு ஒரு எண் கிடைக்கும். அனுப்பாமல் கிடப்பது எத்தனை என்று தனியாகக் கேட்டால்தான் மூட்டை எண்ணப்படும்.

இப்போது சட்டம் கொஞ்சம் இறுகியிருக்கிறது. 2023ஆம் ஆண்டுக் கொள்முதல் சட்டம் 2025 பெப்ரவரி 24 முதல் நடைமுறைக்கு வந்தது. 5 மில்லியன் பவுணுக்கு மேற்பட்ட அரசாங்க ஒப்பந்தங்களில், சில விலக்குகள் தவிர, குறைந்தது மூன்று செயற்திறன் அளவுகோல்களை வைத்து, வருடம் ஒரு முறையாவது எடுத்தவர் எப்படிச் செய்கிறார் என்று பகிரங்கப்படுத்த வேண்டும். நல்ல விடயம்தான். ஆனால் நோயாளருக்கு நேரடியாகச் சிகிச்சை கொடுக்கும் ஒப்பந்தங்கள் வேறு விதிகளின் கீழ் வருகின்றன. அதோடு, அந்த மூன்று அளவுகோல்களும் என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, இது நம்மை ஏன் இவ்வளவு தொட வேண்டும்? தொலைந்த கடிதங்கள் யாருடையவை என்று யோசித்துப் பாருங்கள். முதலாவது சம்பவத்தில் டொக்டரை மாற்றியவர்களுடையவை. அதாவது வீடு மாறியவர்களுடையவை. இந்த நாட்டில் வீடு மாறியதில் நம்மை வெல்லக்கூடியவர் யார்? 2000ஆம் ஆண்டுக்குப் பின் அகதியாக வந்தவர்களை லண்டனுக்கு வெளியே எங்கெங்கோ கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து உறவினர் வீடு, பிறகு வாடகை அறை, பிறகு இங்கே மிச்சத்தில் ஒரு பிளாட். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு டொக்டர், ஒரு பதிவேடு. வந்த கடிதத்தையே பிள்ளை பாடசாலையால் வந்துதான் வாசித்துச் சொல்ல வேண்டிய வீடுகளில், வராத கடிதத்தைத் தேடப் போவது யார்?

இன்னொன்றும் உண்டு. முறைப்பாடு செய்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ, டொக்டர் கோபித்து வெளியே விட்டுவிடுவாரோ என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். அலுவலகத்துக்குள் பெயரைக் கொடுப்பதே ஆபத்தாக இருந்த காலத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். ஆனால் இங்கே முறைப்பாடு செய்வது உங்கள் உரிமை. அதற்காக உங்கள் சிகிச்சையைக் குறைக்க முடியாது.

ஆகவே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

வீடு மாறினால் டொக்டரிடமும், நீங்கள் போய் வரும் ஒவ்வொரு ஆஸ்பத்திரிப் பிரிவிலும் தனித்தனியாக விலாசத்தைச் சொல்லுங்கள். ஓரிடத்தில் சொன்னால் எல்லா இடத்துக்கும் போகும் என்று நம்ப வேண்டாம்.

எந்தப் பரிசோதனை செய்தாலும், முடிவு எப்போது வரும், யார் சொல்வார்கள் என்று அங்கேயே கேட்டுக் கலண்டரில் எழுதி வையுங்கள். அந்தத் திகதிக்கு ஒரு கிழமைக்குப் பிறகும் வரவில்லையென்றால் நீங்களே தொலைபேசி எடுங்கள்.

25 முதல் 64 வயது வரையான சகோதரிகள், கடைசியாக எப்போது ஸ்மியர் ரெஸ்ட் செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் என்றால் கடிதத்துக்குக் காத்திராமல் டொக்டரிடம் கேளுங்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், காசு இல்லை. பத்து வயதுப் பிள்ளையைக் கொண்டு தாயின் வருத்தத்தைச் சொல்ல வைக்க வேண்டாம்.

உங்கள் மருத்துவப் பதிவேட்டின் பிரதியை 2018 மே மாதம் முதல் பொதுவாக இலவசமாகவே பெறலாம். பிழை நடந்திருந்தால் சாதாரணமாகப் பன்னிரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் முறைப்பாடு செய்யுங்கள். "கடிதத்தைக் கொண்டு செல்லும் பொறுப்பு எந்த நிறுவனத்திடம் இருந்தது?" என்ற கேள்வியையும் அதில் சேருங்கள். பதில் திருப்தியில்லையென்றால் சுகாதார சேவைக்கான ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், நம் பாராளுமன்ற உறுப்பினருக்கும் எழுதலாம். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் சுகாதார சேவை நிறுவனங்களிடம் ஒப்பந்த விபரம் கேட்கலாம், 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தனியார் கொம்பனியிடம் நேரே அப்படிக் கேட்க முடியாது. ஆனால் ஒப்பந்தம் கொடுத்தவரிடம் கேட்கலாம்.

என் மாமியாருக்கு மருந்தைக் கூட்டிக் கொடுத்த இரண்டு மாதத்தில் களைப்புப் போய்விட்டது. மீண்டும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். வயது போகவில்லை, கடிதம்தான் போகவில்லை என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பார். எல்லா வீட்டிலும் அது சிரிப்பில் முடிவதில்லை என்பதால்தான் இதைப் பேச நினைத்தேன்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.