பெட்ரோலின் பொறுமை



பல்லாண்டுகள் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் நான். அக்காலத்தில் வகுப்புதோறும் நான் தவறாமல் சொல்லிவந்த செய்தி ஒன்று பிழையானது. "ஆக்டேன் எண் மிகுந்த பெட்ரோலில் ஆற்றல் மிகுதி, ஆகவே அதனை ஊற்றினால் வண்டி விரைந்தோடும்" என்பதே அது. அப்பிழையை எனக்கு உணர்த்தியவர் பேராசிரியர் எவரும் அல்லர். என்னிடம் பயின்று, பின்னர் மோட்டார்ப் பட்டறை வைத்த மாணவர் ஒருவரே.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஒரு கோடையில் என் பழைய காரில் குடும்பத்துடன் அப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். ஏற்றம் மிகுந்த இடங்களில், தகரக் குவளையில் கோலிகளைப் போட்டுக் குலுக்கினாற்போல எஞ்சினுள் ஓர் ஒலி எழுந்தது, வண்டியும் இளைத்தது. ஊர் திரும்பியதும் அம்மாணவரின் பட்டறைக்குச் சென்றேன். "விலை மிகுந்த பெட்ரோலை ஊற்றினால் எஞ்சினுக்குப் பலம் கூடுமல்லவா?" என்று கேட்டேன். அவர் டிஸ்டிரிபியூட்டரைச் சிறிது திருப்பி வைத்துவிட்டு, "சார், அந்தப் பெட்ரோலுக்குப் பலம் அதிகம் இல்லை, பொறுமைதான் அதிகம்" என்றார். அச்சொல்லின் பொருளையே இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து புகுகின்றன. பிஸ்டன் மேலெழுந்து அக்கலவையை அமுக்குகின்றது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே அமுக்கப்பட்ட கலவையும் சூடேறுகின்றது. பின்னர் ஸ்பார்க் பிளக்கிலிருந்து பொறி பறக்க, தீ அவ்விடத்தில் தொடங்கி ஒழுங்காகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளவேண்டும். இதுவே முறை.

ஆனால் அமுக்கமும் சூடும் அளவு மீறினால் நிகழ்வது வேறு. பொறியிலிருந்து புறப்பட்ட தீ வந்து சேருமுன்பே, ஓரத்திலுள்ள கலவை தானாகவே வெடித்துவிடுகின்றது. அவ்வதிர்ச்சி சிலிண்டரின் சுவரைத் தாக்குவதே நான் மலைப்பாதையில் கேட்ட ஒலி. அது நீடித்தால் பிஸ்டனே உடைந்துபோகவும் கூடும். இத்தட்டொலிக்கு இடங்கொடாமல் தாங்கி நிற்கும் தன்மையை அளக்கும் எண்ணே ஆக்டேன் எண்.

இவ்வளவுகோலை 1927-ஆம் ஆண்டளவில் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் வகுத்தார். எளிதில் தட்டொலி எழுப்பாத ஐசோ-ஆக்டேன் என்னும் திரவத்திற்கு 100 என்றும், எளிதில் எழுப்பும் ஹெப்டேனுக்குச் சுழி என்றும் கொண்டார். 91 எண்ணுள்ள பெட்ரோல் என்றால், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போலச் சோதனை எஞ்சினில் அது நடந்துகொள்கின்றது என்பதே பொருள். எரியும்போது வெளிப்படும் வெப்பத்தைப் பற்றி அவ்வெண் ஒன்றுமே கூறுவதில்லை. சான்று வேண்டுமா? எத்தனாலின் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டியது. எனினும் ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே.

அவ்வாறாயின், ஆக்டேன் எண்ணுக்கும் எஞ்சினின் திறனுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, ஆனால் அது நேரான தொடர்பு அன்று. கலவையை எவ்வளவு அமுக்குகின்றோமோ அவ்வளவுக்கு அதன் வெப்பத்திலிருந்து மிகுந்த வேலையைப் பெறலாம். பாடநூற் கணக்கின்படி, ஐந்தில் ஒரு பங்காக அமுக்கும் இலட்சிய எஞ்சின் வெப்பத்தில் 47 விழுக்காட்டை வேலையாக மாற்றும். பத்தில் ஒரு பங்காக அமுக்குவது 60 விழுக்காட்டை மாற்றும். உண்மை எஞ்சின்கள் இவ்வளவு தருவதில்லையாயினும், விதி இதுவே. பொறுமையுள்ள பெட்ரோல் இருந்தாலன்றி அவ்வாறு அமுக்க இயலாது.

பொறி எழும் நேரமும் இவ்வாறே. தீ பரவச் சிறிது காலம் வேண்டுமாதலால், பிஸ்டன் உச்சியை அடையுமுன்பே பொறி எழவேண்டும். மிக முந்தினால் தட்டொலி. மிகப் பிந்தினால் திறன் வீண். என் மாணவர் செய்தது, பொறியைச் சற்றே பிந்தச் செய்ததுதான். ஒலி அடங்கியது; இழுவையும் சிறிது குறைந்தது. இக்கால எஞ்சின்கள் பலவற்றில் தட்டொலியை உணரும் கருவி ஒன்று இருந்து, இவ்வேலையைத் தானே செய்துவிடுகின்றது.

வரலாற்றிலிருந்தும் ஒரு சான்று தருகின்றேன். 1940-இல் பிரிட்டன் மீது நடந்த வான்போரில், அந்நாட்டுப் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சின்களுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்தது. முன்பு அவ்வெஞ்சினுள் காற்றைத் திணிக்கும் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஆறேகால் பவுண்டு என்னும் எல்லைக்குள் இருந்தது. புதிய பெட்ரோல் வந்தபின் அது 12 பவுண்டாக உயர்த்தப்பட்டது. அதனால் தாழ்ந்த உயரங்களில், சில நிமிடங்களுக்கு, ஏறத்தாழ 1,000 குதிரைத்திறன் 1,300 ஆயிற்று. அழுத்தத்தை உயர்த்தாமல் பெட்ரோலை மட்டும் மாற்றியிருப்பின் இப்பயன் கிட்டியிராது. பெட்ரோல் இடமளித்தது, அவ்விடத்தைப் பயன்படுத்தியவர்கள் பொறியாளர்கள்.

இப்பொறுமையைப் பெற உலகம் கொடுத்த விலையையும் மறத்தலாகாது. 1921-இல் அமெரிக்கரான தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் தட்டொலி அடங்குவதைக் கண்டார். 1924-இல் அதனைக் கையாண்ட தொழிலாளர் சிலர் நஞ்சேறி மடிந்தனர். ஆயினும் வழக்கம் உலகெங்கும் பரவியது. புகையோடு வெளிவந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது 2000-ஆம் ஆண்டில்; மோட்டார் வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல் ஒழிந்தது. சுத்திகரிப்பு முறைகளைத் திருத்தியும் வேறு பொருள்களைச் சேர்த்தும் அதே பண்பை இன்று பெறுகின்றோம்.

ஆகவே, உங்கள் வண்டியின் கையேட்டில் குறித்துள்ள ஆக்டேன் எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள். மேலான எண்ணைப் பயன்படுத்திக்கொள்ளும்படி அமையாத எஞ்சினுக்கு அதனை வாங்கி ஊற்றுவது, தந்தையார் ஈட்டிய பணத்தை வீணாக்குவதாகும்.

என்னிடம் பிழையாகப் பயின்றவர்கள் இன்று பல ஊர்களில் இருக்கின்றனர். அவர்களுள் எவரேனும் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், பழைய குறிப்பேட்டில் அவ்வொரு வரியை அருள்கூர்ந்து அடித்துவிட்டு, பட்டறையில் நான் கற்ற வரியை எழுதிக்கொள்வார்களாக.