டிரெசர் பெயர் எங்கே?



பழைய மருத்துவ ஏடுகளைக் கணினியில் துழாவி அறிவியல் வரலாறு எழுதுகிறார்கள், அதைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். இந்தப் பாகான் நக்கோடா ஓமார் ஊருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது ஐயா!

லண்டன் வெல்கம் நூலகம் பழைய மருத்துவ நூல்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் மலாயா நாளிதழ்கள். 'பெரிபெரி' என்று தட்டுங்கள், வெள்ளீயச் சுரங்கத்தில் சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கிச் செத்த கதை கொட்டும்.

அந்த நோய்க்குக் காரணம் தேடிய கதை இது: 1905, கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை. டாக்டர் ஃபிளெட்சர் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் நிறுத்தி எண்ண வைத்தார். ஒற்றைப்படைக்குக் கிழக்கு வார்டு, சயாம் பச்சரிசி. இரட்டைப்படைக்கு மேற்கு வார்டு, இந்தியப் புழுங்கலரிசி. பச்சரிசிப் பக்கம் 120 பேரில் 36 பேருக்கு நோய், 18 சாவு. புழுங்கல் பக்கம் பெரிபெரியால் ஒருத்தரும் சாகவில்லை! நெல்லை அவித்தால் தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். அதற்குத்தான் பின்னால் வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. தட்டுங்கள் கையை, நம் பாட்டி அவித்த நெல்லுக்கு!

    

 ஏட்டில் ஃபிளெட்சர் பெயர் இருக்கிறது. வரிசையில் நின்றவன்? வெறும் எண். மால்கம் வாட்சன் 1911இல் மலேரியாவைப் பற்றி நூல் எழுதினார், சிலாங்கூர்த் தோட்டங்களில் ஆயிரத்துக்கு இத்தனை சாவு என்று கணக்கோடு. கணினி அதை வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்துவிடும். ஆனால் சதுப்பில் கால்வாய் வெட்டியவன் பெயர்? லயம் லயமாக நடந்து, கொய்னா மாத்திரையை வாயில் போட்டு, முழுங்கும் வரை எதிரிலேயே நின்ற தோட்ட மருத்துவ உதவியாளர், அந்த டிரெசர் பெயர்? எந்தக் கணினியில் தேடுவேன்?

எங்கள் தோட்டம் கைமாறியபோது செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள், என் கண்ணால் பார்த்தேன். மிச்சம் இருப்பது உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில்தான். சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரித் துண்டு, டிரெசர் கையெழுத்து, எதுவானாலும் கொண்டு வாருங்கள். மேடைக்குப் பின்னால் ஸ்கேனர் இருக்கிறது. படம் எடுத்துவிட்டுக் கையோடு திருப்பித் தருவோம். தோட்டம் எது, ஆண்டு எது, ஆள் யார் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிட்டுப் போங்கள்.